அபயாம்பாளின் கண்ணாடிப் பீரோ

துரைசுவாமி ஐயர் ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, 1953-ம் வருஷக் கடைசியில் மலையாளக் கரையோரம் கல்பாத்தி அக்ரகாரத்தில் இருந்த தன் பூர்வீக வீட்டுக்குத் திரும்பினார். ஸ்டேஷனிலிருந்து மூன்று மாட்டு வண்டிகள் வந்தன. இரண்டில் தட்டுமுட்டுச் சாமான். மூன்றாவதில் வைக்கோலுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பீரோ, நாலு சாக்கு மூட்டை, அவற்றுக்குக் காவலாக அவர் மனைவி அபயாம்பாள். இத்தனை வருஷம் கழித்துப் புக்ககத்தில் குடியிருக்க வருகிறவள் முன்வண்டியில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டாமோ? அவள் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடைசி வண்டியில் வந்தாள். தெரு முதல் நாளே அதைப் பார்த்து மனசில் போட்டு வைத்துக்கொண்டது.

மூட்டையில் இருந்தது நகையுமில்லை, பட்டுமில்லை. கல். மறுநாள் விடிந்ததும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அவள் கூடத்துச் சுவரோரம் பீரோவை நிறுத்தி, ஒவ்வொரு கல்லாகப் பழந்துணியிலிருந்து பிரித்து, தூசி தட்டி, தட்டில் அடுக்கினாள். மேல் தட்டில் ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட கற்கள், பெரிசிலிருந்து சின்னதுவரை. அதற்குக் கீழே ஐந்து இதழ்ப் பூ பொறித்தாற்போன்ற உருண்டைகள். அப்புறம் சிப்பிகள், சுறாப் பற்கள், அடித்தட்டில் கல்லாகிப்போன மரத்துண்டும், கைமுட்டி அளவுக்கு ஒரு முதுகெலும்புக் கணுவும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. சீட்டில் எண். எண்ணுக்குரிய விவரம் ஒரு நீள நோட்டில்.

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மூன்றாம் வகுப்புப் படிப்பு. ஆனால் அந்த நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

இந்தப் பைத்தியம் பிடித்தது அரியலூர்ப் பக்கத்தில், பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஸ்டேஷனில். நாளைக்கு நாலு வண்டி நிற்கும். சுண்ணாம்புக்கல் ஏற்ற ஒரு சைடிங் உண்டு. அது போக, மாஸ்டர் குவார்ட்டர்ஸும் கேங்மேன் குடிசைகளும் கண்ணுக்கெட்டிய மட்டும் வெளுத்த மண்ணும்தான். இருபத்தைந்து வயதில் அங்கே போய்ச் சேர்ந்தாள். அதற்குள் நாலு பெற்று மூன்றைத் தூக்கிக் கொடுத்திருந்தாள். மிஞ்சிய ஒரே பிள்ளை வெங்கடேஸ்வரன் தவழ்ந்துகொண்டிருந்தான். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. புருஷன் பேசுவதெல்லாம் தந்தி மெஷினோடு.

கேங்மேன் பெண்டாட்டி குருவம்மாள் ஒருநாள் முருங்கைக் கீரையோடு ஒரு சுருட்டைக் கல்லையும் கொண்டுவந்து கொடுத்தாள். "தம்பி வச்சு வெளையாடட்டும் சாமி" என்றாள். தம்பி அதை வாயில் வைத்தான். அபயாம்பாள் பிடுங்கித் துடைத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், அன்றைக்குச் சாதம் குழைந்துபோனது. அவ்வளவுதான். அடுத்த இருபது வருஷம், மத்தியான வண்டி போனதும், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடைச் சரிவில் குருவம்மாளோடு அலைந்தாள். மடி, விழுப்பு, மாசத்து மூணு நாள் தூரம் என்று கேட்க அங்கே யாரும் கிடையாது. சந்தோஷம் என்று சொன்னால் அவளுக்கு அந்த ஓடைதான், அதை மறைப்பானேன்?

ஒருதரம், வண்டி ஐந்து மணி நேரம் தாமதமான ஒரு நாளில், பசங்களைக் கூட்டிக்கொண்டு கல் பார்க்க வந்த மெட்ராஸ் காலேஜ் புரொபசர் ஒருவர் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டார். இதெல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை, இந்த இடம் கடலாக இருந்தது, கடல் போய்விட்டது, இவை தங்கிவிட்டன என்று அவர் சொன்னார். எதைத் தண்ணீரில் கழுவலாம், எதைக் கழுவக் கூடாது, மண் நிறைந்த சுருட்டைகளை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டுமே தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நீங்க ஆத்துல சாளக்கிராமம்னு பூஜை பண்றேளே, கண்டகி நதிக் கல், அதுவும் இதே ஜாதிப் பிராணிதான் அம்மா."

அதை அவள் இருபது வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதவளா? சாளக்கிராமம் என்று ஒன்று வீட்டில் இருந்தால் அதற்குத் தினம் அபிஷேகம் வேண்டும், சாதம் நைவேத்யம் வேண்டும், பட்டினி போட்டால் குடும்பம் உருப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்பிள்ளை அதைக் கையால் தொடக் கூடாது. வாயை மூடிக்கொண்டு பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தாள்.

கல்பாத்தியில் முதல் வருஷம் மோசமில்லை. தெருப் பெண்டுகள் வந்து பார்த்தார்கள், மூக்கில் விரல் வைத்தார்கள், போனார்கள். எதிர்வீட்டுச் சுப்புலட்சுமி மட்டும் வாரத்துக்கு ஒருதரம் வந்து, "ஏண்டி அபயம், இன்னிக்கு உன் கல்லு குட்டி போட்டுதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அதை அபயாம்பாள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள்.

துரைசுவாமி ஐயர்தான் மாறிப்போனார். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? வண்டி இல்லாத குறைக்கு வீட்டையே நிறுத்தவும் விடவும் ஆரம்பித்தார். காப்பி இத்தனை மணிக்கு, குளி இத்தனை மணிக்கு, பேச்சு இவ்வளவுதான். ஸ்டேஷனில் இருபது வருஷம் கண்ணில் படாத கற்கள் இப்போது தினமும் உறுத்தின. வெங்கடேஸ்வரனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அவனுக்குக் கோயம்புத்தூரில் பாங்க் வேலை. ஜாகை கிடைக்கும்வரை அவன் மனைவி ஞானம் மாமனார் வீட்டில் இருந்தாள். அவளுடைய பிறந்தகத்தார் சீராகக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் மூங்கில் பெட்டியில் கிடந்து கறுத்தன. ஐயருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"தேர் கழிஞ்சா இந்தப் பீரோ ஞானத்தோட வெள்ளிக்காக்கும். உன் கல்லெல்லாம் ஒக்க மாட்டுக் கொட்டில்ல கொண்டு போடு. கேட்டியா?"

"ஏன்னா, கொட்டில்ல நனைஞ்சு போகும்னா. சிலது ஜலம் பட்டா..."

"கல்லு ஜலம் பட்டாக் கரையுமோ? மிண்டாம இரு."

அவள் மிண்டாமல், வாய் திறக்காமல்தான் இருந்தாள். ஆனால் ராத்தூக்கம் போயிற்று. கொட்டிலில் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. சீட்டு போகும், எண் போகும், எது எங்கே எடுத்தது என்பது போகும், அப்புறம் வெறும் கப்பிதான். இருபது வருஷம் எதற்காக இருந்தோம் என்று கேட்டால் காட்ட அவளுக்கு வேறொன்றும் இல்லை. பிள்ளை இருக்கிறானே என்பீர்கள். அவன் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா பிள்ளை.

ஐப்பசித் தேர் வந்தது. வீடு கொள்ளாத உறவு. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து வெற்றிலையோடு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சுப்புலட்சுமி தன் வீட்டு விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "எங்க தெருவுல ஒரு அதிசயம் பாருங்கோ. ஊர்ல எல்லாரும் பீரோல வெள்ளி வைப்பா, பட்டு வைப்பா. எங்க அபயம் கப்பிக் கல்லு வச்சிண்டிருக்கா. நாளன்னிக்கு மாட்டுக் கொட்டிலுக்குப் போறதாம், பாக்கணும்னா இப்பவே பாத்துக்கோங்கோ!"

நாற்பது பேர் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக. ஞானம்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அபயாம்பாளுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. இருபது வருஷம் காத்த வாய் அந்த நிமிஷம் திறந்துகொண்டது.

"கப்பிக் கல்லா? மேல் தட்டைப் பாருங்கோ. அதெல்லாம் சாளக்கிராமமாக்கும். காலேஜ் புரொபசர் பாத்துட்டுச் சொன்னது. வெறுதே சிரிக்காதேங்கோ."

சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு கிழவர் எழுந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "சக்கரம் தெரியறதே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் போட்டுக்கொண்டார். சுப்புலட்சுமி மிரண்டு போய்த் தாழ விழுந்து சேவித்தாள். தன் பல் பிரஷ்ஷுக்குப் பழகிய கற்களின் முன்னால் சுப்புலட்சுமி விழுந்து எழுந்ததைப் பார்த்தபோது அபயாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவள் செய்த பாவம் என்று ஒன்று உண்டென்றால் அந்தச் சிரிப்புதான்.

ஐயர் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று. மாட்டுக் கொட்டில் பேச்சு அன்றோடு ஒழிந்தது. வெள்ளி மூங்கில் பெட்டியிலேயே இருந்தது. தினமும் குளித்துவிட்டு வந்து பீரோவின் தலையில் ஒரு பூ வைத்தார். "எங்காத்துல நாப்பத்தொண்ணு இருக்கு" என்று கோயில் வாசலில் சொல்லிக்கொண்டார். பூ வெளியே, கற்கள் உள்ளே, சாவி அவள் இடுப்பில். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். இரண்டரை மாதம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் ஞானத்துக்கு நாலாம் மாசம் கலைந்தது. கல்யாணமான முதல் வருஷம் ஒன்று இப்படித்தான் போயிருந்தது. இது இரண்டாவது. பதினெட்டு வயதுப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அபயாம்பாள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலை வாரினாள். தன் மூன்றையும் நினைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுதாள். அந்த ஒரு வாரம் அவர்கள் இருவரும் தாயும் பெண்ணுமாகத்தான் இருந்தார்கள்.

மாசியில் சம்பந்தி வீட்டார் தத்தமங்கலத்திலிருந்து ஜோசியர் பணிக்கரை அழைத்துக்கொண்டு வந்து பிரச்னம் வைத்தார்கள். பணிக்கர் சோழியைப் பரப்பினார், விரலை மடக்கினார், வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பீரோவின் தலையில் இருந்த பூ அவர் கண்ணில் படாமல் இருக்குமா?

"ஈ வீட்டில் ஒரு தேவன் பட்டினி கிடக்குன்னு" என்றார். "பட்டினி மாத்திரமல்ல. அசுத்தியும் உண்டு. ஸ்திரீ கை பட்டிட்டுண்டு."

கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் அபயாம்பாளின் கையைப் பார்த்தன. அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலமே சாஸ்திரிகள் வந்தார். பீரோக் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். கண்டகிக் கல் கறுப்பு, இது செம்மண் நிறம் என்று கண்டதும் அவர் முகம் வெளுத்தது. சிவந்த சாளக்கிராமம் உக்கிர நரசிம்மம், மகா நியமத்தோடு வைத்துக்கொள்ள வேண்டியது, கிருகஸ்தர்கள் கிட்டவே போகமாட்டார்கள் என்றார். "இதுக்குத் தினம் யார் ஆராதனை பண்றா?"

ஐயர் மனைவியைக் காட்டி, "இவதான் துடைப்பா" என்றார்.

"எதால?"

ஞானம்தான் மெள்ளச் சொன்னாள். "பல் தேய்க்கிற பிரஷ்ஷால."

"தூரமா இருக்கறச்சேயுமா?"

இருபது வருஷமாகத் தூரமும் பக்கமும் யார் பார்த்தார்கள்? அபயாம்பாள் அப்போதுதான் உண்மையைச் சொல்லப் பார்த்தாள். "அது சாளக்கிராமம் இல்லே. நான் அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். அரியலூர் ஓடையில எடுத்தது. ஒரு காலத்துல கடல்ல இருந்த பிராணி. செத்துக் கல்லாப் போனது."

"பிராணியா!" துரைசுவாமி ஐயர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். "செத்த பிராணியையாடி கூடத்துல வச்சு நாங்க சாப்பிடறதைப் பாக்கவிட்டே? பகவான்னா பகவானைத் தீட்டாக்கினே. பகவான் இல்லேன்னா பொணத்தை வச்சு வீட்டைத் தீட்டாக்கினே. எது உனக்குச் சௌகரியம், சொல்லு!"

எது சௌகரியம் என்று அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், பாவம். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைச் சொன்னாள். "எனக்கு மூணு போச்சே. அப்போ இந்தக் கல் ஒண்ணுகூட நம்மாத்துல கிடையாதே. ஓர்மை இல்லையா?"

"அது வேற கர்மா" என்றார் சாஸ்திரிகள். அவருக்குக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் பிரிவினை நடந்தது. சுருட்டை உள்ளதெல்லாம் பகவான், பூஜையறைக்கு. மற்றதில் எலும்பாக இருப்பது வீட்டை விட்டுப் போக வேண்டும், ஆனால் எலும்பு எது, கல் எது என்று சாஸ்திரிகளுக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டார்கள். அபயாம்பாள் சமாளித்துப் பார்த்தாள். பூப் போட்ட உருண்டைகளைக் காட்டி, "இது வெறும் கல்" என்றாள். சுறாப் பல்லைக் காட்டி, "இதுவும் கல்தான், கூரா உடைஞ்சிருக்கு" என்றாள். சாஸ்திரிகள் தலையாட்டினார். ஒரு தட்டு தப்பிவிடும் போலிருந்தது.

அப்போதுதான் ஐயர் அந்த நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்ஸ் வண்டிப் பட்டியல் படிக்கிற குரலில் சீட்டு எண்ணைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். "முப்பத்தெட்டு. சைடிங்குக்குக் கிழக்கே, ஓடைச் சரிவு. சுறாப் பல். நுனி உடையாதது. அம்பத்திரண்டு. பூக்கல். கடலில் முள்ளோடு ஊர்ந்த பிராணியின் ஓடு. தொண்ணூறு. பெரிய பிராணி ஒன்றின் முதுகெலும்புக் கணு. குருவம்மாள் கொடுத்தது." ஒவ்வொன்றைப் படித்ததும் கையில் இருந்த பிரம்பால் அந்தக் கல்லைத் தட்டிலிருந்து கூடைக்குள் தள்ளினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய நோட்டு. ஒரு எழுத்துக்கூடச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அவளுடைய இருபது வருஷத்து ஒழுங்கே அவளைக் காட்டிக் கொடுத்தது. முடிந்ததும் நோட்டையும் கூடையில் போட்டார்.

ஆற்றில் போடச் சொன்னார் சாஸ்திரிகள். குளிக்கிற ஆற்றில் எலும்பா என்று தெரு மறுத்தது. சந்தைக்குப் போகிற வண்டி ஒன்றில் தூரமாக அனுப்புவதென்று ஆயிற்று. வேலந்தாவளத்துக்காரன் ராக்கப்பன் வண்டியைக் கொல்லைப்புறம் கொண்டுவந்து நிறுத்தினான். ஐயர் உள்ளே போன நேரம் பார்த்து அபயாம்பாள் அவன் கிட்டே போனாள்.

"எங்கே கொண்டு போடுவே ராக்கப்பா?"

"போற வழியில ஒரு பாழுங் கெணறு இருக்குதுங்கம்மா. அதுல தள்ளிப்போடச் சொன்னாருங்க ஐயரு."

"தள்ள வேண்டாம். உங்க ஊட்டுல ஒரு மூலையில வச்சிரு. நனையாம இருந்தாப் போதும். நான் உனக்கு என்ன வேணும்னாலும் தரேன்."

அவள் ஜாதி பார்க்காமல் அவனுடைய வண்டி நுகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராக்கப்பன் நல்லவன்தான். அதனால்தான் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏனுங்கம்மா, எலும்புன்னு சொல்றாங்களே. எங்கூட்டுலயும் புள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கறாளுங்க. கோவிச்சுக்காதீங்க." மாட்டைத் தட்டிவிட்டான். வண்டி குலுங்கும்போதெல்லாம் கல்லோடு கல் மோதுகிற சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாம் அறியாமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். சொல்ல மனசு வரவில்லை. துரைசுவாமி ஐயர் இன்டர்மீடியட் படித்தவர், இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவர். அவருக்கு நம்பிக்கையும் இருந்தது, கூடவே கொஞ்சம் ருசியும் இருந்தது. அடங்காமல் ஓடையில் திரிந்தவளைக் கடைசியில் பகவானே அடக்கிக் கொடுத்தாரே என்ற ருசி.

நாற்பத்தொன்றுக்கும் ஆராதனை ஆரம்பமாயிற்று. தினமும் பால், தயிர், தேன், இளநீர், அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர். அபயாம்பாள் ஈரப்புடவையோடு நைவேத்யச் சாதம் வடித்து, பூஜையறை நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டு, அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே கால் வைக்கக் கூடாது. எட்டாம் நாள் அவள் கண்ணில் அது பட்டது. அபிஷேகத் தட்டில் தண்ணீர் பழுப்பாக ஓடியது.

"ஏன்னா, அதுல சிலதுக்கு உள்ளே வெறும் மண்ணாக்கும். ஜலம் படக் கூடாது. தயிர் பட்டா அரிச்சுடும். துணியால தொடைச்சாப் போதும்னா."

"பகவானுக்கு அபிஷேகம் பண்ணாதேன்னு சொல்றியா?"

அப்புறம் அவள் சொல்லவில்லை. நின்று பார்த்தாள். கோடி வருஷம் மண்ணுக்குள் குலையாமல் இருந்தது, கல்பாத்திப் பூஜையறையில் மாதத்துக்கு ஒரு சுற்றாகக் கழன்றது. முதலில் விளிம்பு பொரிந்தது. அப்புறம் மேலே இலை இலையாக இருந்த கோலம் வழுவழுத்துப் போயிற்று. ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். இது மழை பெய்த மறுநாள் எடுத்தது, அது பிள்ளை வெங்கிட்டுவுக்கு அம்மை போட்டிருந்தபோது எடுத்தது. ஐயர் வழுக்கும் கையால் ஒன்றைக் கீழே போட்டு இரண்டாக உடைத்தார். சாளக்கிராமம் உடைந்தாலும் பூஜைக்கு உகந்தது என்று சாஸ்திரிகள் தைரியம் சொன்னார். கரைந்த மண்ணோடு சேர்த்துத் தீர்த்தம் என்று எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள். அவளும் கை நீட்டி வாங்கிக் குடித்தாள்.

ஆவணியில் ஞானம் மூன்றாம் தடவையாக உண்டானாள். மூன்றாம் மாசம் கழிந்தது, நாலு கழிந்தது. வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஐயர் அபிஷேகத்தை இரண்டு வேளையாக்கினார்.

தை மாசம் ஒரு மத்தியானம். ஐயர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பூஜையறையில் மேல் வரிசையில் இருந்த பெரிய சுருட்டை, இரண்டு கை கொள்ளும் அளவு, நடுவில் விரிசல் விட்டிருந்ததைக் காலையிலேயே அபயாம்பாள் பார்த்திருந்தாள். உள்ளே ஈரம் நின்றால் நாளைக்கு அது இருக்காது. வெயிலில் ஒரு நாழிகை வைத்து எடுத்தால் போதும். அவள் நிலைப்படியைத் தாண்டினாள். கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கு அப்புறம் அதைக் கையில் எடுத்தாள். எடுத்து, புடவைத் தலைப்பால் ஒற்றினாள். அந்த நிமிஷம் அவள் முகத்தில் இருந்த நிம்மதியை வேறு யாராவது பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பார்த்தவள் ஞானம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஆறு மாச வயிற்றைப் பிடித்துக்கொண்டு தடாரென்று மண்டி போட்டு, மாமியாரின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இந்த ஒண்ணையாவது எனக்கு விட்டுடுங்கோ. ரெண்டு எடுத்துண்டாச்சே, போறாதா? நான் உங்களுக்கு என்ன தப்புப் பண்ணினேன்? இதைக் கொல்லாதேங்கோம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திட்டு இல்லை அது. கோபமும் இல்லை. கொலைகாரியிடம் உயிர்ப்பிச்சை கேட்கிற பயம். கஞ்சி ஊட்டிய கையை, தலை வாரிய கையை, அந்தப் பெண் அப்படிப் பார்த்தாள். அபயாம்பாள் கல்லை இருந்த இடத்தில் வைத்தாள். ஐயரோ சாஸ்திரிகளோ பணிக்கரோ ஒரு வருஷமாகச் சாதிக்க முடியாததை அந்த அழுகை சாதித்துவிட்டது. அன்று முழுக்க அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தன்னுடையது, இரண்டு இவளுடையது. மூன்று போனபோது கல் இல்லை என்று தனக்குத்தானே ஒருதரம் சொல்லிக்கொண்டாள். பிறகு, கல் இல்லாவிட்டால் என்ன, கை இருந்ததே என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்த பிற்பாடு வேறு எண்ணம் வரவில்லை.

இரண்டு நாளில் பெரிய சுருட்டை அபிஷேகத்தில் பிளந்து சேறாகப் போயிற்று. அவள் நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

வைகாசியில் தத்தமங்கலத்தில் ஞானத்துக்குப் பிள்ளை பிறந்தது. ஏழு ராத்தல், கொழுகொழுவென்று. தந்தி வந்ததும் துரைசுவாமி ஐயர் தெருவெல்லாம் சர்க்கரை வழங்கினார். "நாங்க சொன்னோமா இல்லையா?" என்றாள் சுப்புலட்சுமி. எல்லாரும் சொன்னார்கள். குழந்தை செத்திருந்தால் ஒருவேளை யாராவது, கல்லுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பார்கள். குழந்தை பிழைத்தது, அவள் மேல் இருந்த பழிக்கு முத்திரை விழுந்தது. இதைவிடக் கொடுமையாக ஒரு நல்ல சேதி யாருக்கும் வந்ததில்லை.

ஆவணியில் குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆரத்தி சுற்றிக் கொட்டியானது. ஞானம் கூடத்தில் பாயில் உட்கார்ந்தாள். அபயாம்பாள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்னையறியாமல் கிட்டே வந்து கையை நீட்டினாள்.

ஞானம் குழந்தையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கையலம்பிண்டு வாங்கோம்மா" என்றாள், தரையைப் பார்த்து.

அவள் கிணற்றடிக்குப் போய் அலம்பிக்கொண்டு வந்தாள்.

"இன்னொரு தரம் நன்னா அலம்பிண்டு வரட்டும்" என்றார் ஐயர், நாற்காலியிலிருந்து.

மறுபடியும் போனாள். சீயக்காய்ப் பொடி போட்டு முழங்கைவரை தேய்த்து, மூன்று வாளி இறைத்து ஊற்றிக்கொண்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஞானத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நல்ல பெண் அவள், பயந்த பெண், அவ்வளவுதான். கண்ணில் நீர் நிறைய எழுந்து வந்து குழந்தையை நீட்டினாள். "போறும்மா. இந்தாங்கோ. எடுத்துக்கோங்கோ."

குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. யாரும் தடுக்கவில்லை. அபயாம்பாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"இல்லேடி ஞானம், இன்னும் போகலே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போனாள்.